பெயர்த்து நடுதல்

அன்புவழிபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், கிணற்றுக் கட்டை ஒட்டி ஒரு ஜாம் மரக் கன்று முளைத்திருந்தது. யாரும் நட்டதல்ல. ஏதோ ஒரு குருவியோ வௌவாலோ எங்கேயோ தின்றுவிட்டு இங்கே எச்சமிட்டுப் போயிருக்க வேண்டும். முழங்கால் உயரம் வந்தபோது வீட்டுக்காரர் கண்டுவிட்டார். "கட்டு வெடிச்சிரும் சேர், புடுங்கிப் போடுங்க" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

பிடுங்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. வேறிடத்தில் வைக்கலாம் என்று எண்ணினேன். அது 2013 ஜூன் மாதம். கச்சான் காற்று திருகோணமலையையே உலர்த்திக்கொண்டிருந்த காலம். ஒருநாள் அஸருக்குப் பிறகு கன்றின் அடியைப் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. வேலியோரம் ஒரு குழி தோண்டி வைத்து, ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. ஒரு கிழமையில் அது வெறும் குச்சியாக நின்றது.

திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னார்: "நீ நடல்ல மகன். புடுங்கி வேற எடத்தில வெச்ச."

அந்தச் சொல்லைப் பல காலம் சுமந்து திரிந்தேன். பிடுங்குவதற்கும் பெயர்த்து நடுவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் வேர் தன் மண்ணை விட்டு வெளியே வருகிறது. வெளியே வரும் அந்த நேரத்தில், தன்னைப் பிடித்திருப்பது வெட்ட வந்த கையா வாழவைக்க வந்த கையா என்பது செடிக்குத் தெரியாது.

நிய்யத்துதான் வித்தியாசம் என்பது நமக்கு முதலில் தோன்றும் பதில். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியைத்தான் இமாம் புகாரி தம் தொகுப்பின் வாசலில் வைத்திருக்கிறார். என் எண்ணம் நல்லது, ஆகவே நான் பிடுங்கியவன் அல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நமது ஃபிக்ஹ் மரபு இதை அவ்வளவு இலகுவாக விட்டுவிடவில்லை. ஒருவன் தவறுதலாகப் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அவன் மீது பாவமில்லை. ஆனால் ஈடு கொடுக்கும் கடமை இருக்கிறது. அறியாமல் ஓர் உயிரைப் போக்கியவனுக்கும் குர்ஆன் ஈட்டை விதிக்கிறது. நல்ல எண்ணம் அல்லாஹ்வுக்கும் எனக்கும் இடையிலான கணக்கைத் தீர்க்கலாம், எனக்கும் சேதப்பட்டதற்கும் இடையிலான கணக்கை அது தீர்ப்பதில்லை. பட்டுப்போன கன்று என் நிய்யத்தால் துளிர்க்கவில்லை.

இதை ஒரு கன்றுக்காக மட்டும் நான் எழுதவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் உம்மாவை மூதூரிலிருந்து அழைத்து வந்திருந்தேன்.

வாப்பா மௌத்தான பிறகு உம்மா தனியாக இருந்தார். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டபோது, ஊரோடு சேர்ந்து கந்தளாய்க்குப் போய்த் திரும்பியவர். அன்று அவரைப் பிடுங்கியது யுத்தம். அதற்கு என்ன பெயர் என்று யாரும் குழம்பத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம் மக்களுக்கு நடந்ததற்கும் வேறு பெயர் தேட வேண்டியதில்லை. குழப்பம் எல்லாம் அன்போடு செய்யும் இடமாற்றத்தில்தான். ஆஸ்பத்திரி கிட்ட, குழாய்த் தண்ணீர், பேரப்பிள்ளைகள் என்று காரணங்களை அடுக்கினேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். "வருவீங்களா?" என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை, "எப்ப வாறீங்க?" என்றுதான் கேட்டேன்.

கன்று பட்டுப்போன பிறகு, ஏன் அப்படியானது என்று விசாரித்து அறிந்தேன். தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிற்கும். தண்ணீரை உறிஞ்சுவதோ நுனிகளில் மயிர் போலப் படர்ந்திருக்கும் மெல்லிய வேர்கள். அவை மண் துகள்களோடு ஒட்டிப் பிணைந்திருப்பவை. இழுக்கும்போது அறுந்து பழைய மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது முழு வேர் போலத் தோன்றும். அதன் பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் குடிக்க வாய் இல்லை.

உம்மாவுக்கு நான் கொண்டுவந்து கொடுத்தவை எல்லாம் தடித்த வேர்களுக்கானவை. காலையில் படலையடியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் மீன்காரர், கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் தரும் கடை, வெள்ளி இரவில் யாஸீன் ஓதக் கூடும் பெண்கள், வாப்பாவின் கப்றடி ஆகியவற்றை மூட்டை கட்ட முடியாது. அவை இல்லாத இடத்தில் உம்மா உண்டார், உறங்கினார், தொழுதார். ஆனாலும் வாடினார். மூதூருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு குடாதான் கிடக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பயணமும் இலகுவாகிவிட்டது. தூரம் அல்ல காரணம் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கன்று தேவைப்பட்டது.

அடுத்த வருடம் அதே கட்டோரத்தில் இன்னொரு கன்று வந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. செப்டெம்பரிலேயே அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு பக்கம் மட்டும் மண்வெட்டியால் அரைவட்டமாக வேரை வெட்டிவிட்டேன். வெட்டுப்பட்ட இடத்தில் கன்று தன் பழைய மண்ணில் நின்றபடியே புதிய மெல்லிய வேர்களை விடும். மாரி மழை தொடங்கிய பிறகு ஒரு மாலையில் மற்றப் பக்கத்தையும் வெட்டி, மண்கட்டி உடையாமல் தூக்கி ஈரச் சாக்கில் சுற்றினேன். இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். வேர் குறைந்த கன்றால் முழுத் தலையையும் சுமக்க முடியாது.

எங்கே வைப்பது? வாடகை வளவில் வைத்தால் அடுத்த குடியிருப்பாளர் வெட்டலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். பிறர் நிலத்தில் அனுமதியின்றி ஊன்றிய வேருக்கு உரிமையில்லை என்பது நமது மார்க்கச் சட்டம். அவர் சம்பூர்க்காரி. அவரும் 2006இல் இடம்பெயர்ந்தவர்தான். சம்பூர் மக்களில் பெரும்பாலோர் தம் காணிகளுக்குத் திரும்ப 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "வௌவால் வந்து எச்சம் போடுமே தம்பி" என்று முகம் சுளித்தார். பிறகு இடம் காட்டினார். "வெயில் படுற பக்கத்தை மாத்தி வைக்காதேங்கோ. முந்தி எந்தப் பக்கம் வெயில் பாத்துதோ அந்தப் பக்கமே பாக்கட்டும்" என்றார். எந்தப் புத்தகத்தில் படித்தார் என்று கேட்கவில்லை.

ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்களின் வரலாறு அந்த நாட்களில் அடிக்கடி நினைவில் வந்தது. பாரசீகத்தில் பிறந்து, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, மதீனாவில் அடிமையாக இருந்தவர். அவருடைய விடுதலைக்கு எஜமான் கேட்ட விலையில் 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு உயிர்ப்பித்துக் கொடுப்பதும் அடங்கும். தோழர்கள் ஒருவர் 30, ஒருவர் 20, ஒருவர் 10 என்று இயன்றதைக் கொண்டுவந்தார்கள். ஸல்மான் குழி தோண்டினார். கன்றுகளைத் தம் கையாலேயே வைப்பதாகச் சொன்ன நபி (ஸல்) அவர்கள் அப்படியே வைத்தார்கள். ஒன்றும் பட்டுப்போகவில்லை என்கிறது முஸ்னத் அஹ்மதில் உள்ள அறிவிப்பு. இதை முஃஜிஸாவாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பிடுங்கப்பட்ட ஒரு மனிதன் வேர்கொள்ள ஓர் ஊரே கன்று சுமந்தது என்பதையும், அந்த ஊரின் தலைவர் ஆள் அனுப்பாமல் தாமே மண்ணில் குனிந்தார் என்பதையும் கவனிக்க மறந்துவிடுகிறோம். பிடுங்கியவர்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை. நட்டவர்கள் கொடுத்தார்கள்.

என் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த பதில் இவ்வளவுதான்: இழுக்கும் நேரத்தில் பிடுங்குதலும் பெயர்த்தலும் ஒன்றுதான், வித்தியாசம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால், கேட்கக்கூடியவரிடம் கேட்பதும், ஆயத்தப்பட அவகாசம் கொடுப்பதும், சுற்றியுள்ள மண்ணோடு எடுப்பதும். பின்னால், புதுத் துளிர் வரும்வரை நிழல் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் நிற்பது. இவற்றைச் செய்யாதவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பிடுங்கியவன்தான். வீடு கட்டித் திறப்பைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் மீள்குடியேற்றங்களுக்கும் இதே அளவுகோலைத்தான் வைப்பேன்.

மூன்று கிழமை இலை கொட்டியது. தென்னோலை மறைப்புக்குள் கன்று செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் நின்றது. உம்மா தினமும் லுஹருக்கு வுழூச் செய்ய வேலியோரம் போய், அந்தத் தண்ணீர் கன்றின் அடிக்கு ஓடுமாறு உட்காருவார். அக்கா அந்தப் பக்கத்தில் வந்து நிற்பார். ஒருவர் மூதூரைப் பேச மற்றவர் சம்பூரைப் பேசுவார். நவம்பர் கடைசியில் பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சையைக் காட்டிய நாளில்தான் உம்மாவிடம் முதன்முறையாகக் கேட்டேன், "இங்க இருக்க விருப்பமா உம்மா?" என்று. அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பிறகு, தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை வருவதாகச் சொன்னார். அடுத்த கிழமை மூதூருக்குக் கொண்டுபோய் விட்டேன். முன்பு செய்தது சரியா, இப்போது செய்வது சரியா என்ற கேள்வி வழியெல்லாம் இருந்தது. கிண்ணியாப் பாலத்தில் உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

ஜாம் மரம் இந்த மண்ணுக்கு உரியதல்ல. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதைச் சிங்கப்பூர் செர்ரி என்றும் ஜமைக்கா செர்ரி என்றும் சொல்கிறார்கள். சிங்கப்பூர் அது பிறந்த இடம் அல்ல, அது செர்ரி இனமும் அல்ல. தமிழ்நாட்டில் தேன்பழம் என்கிறார்கள். போன ஊரெல்லாம் அதற்கு ஒரு பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டது. இரண்டு வருடத்துக்குள் காய்த்துவிட்டது. வெள்ளைப் பூ ஒரு நாள்தான் நிற்கும். பழம் சிவக்கும் முன்பே பிள்ளைகள் பறித்துவிடுவார்கள். மிச்சம் பகலில் குருவிகளுக்கும் இரவில் வௌவால்களுக்கும். நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது நட்டவனுக்கு ஸதகா என்ற நபிமொழி, அதிலும் விற்க ஒன்றும் மிஞ்சாத இந்த மரத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

அந்த வீட்டை நாங்கள் விட்டு வந்துவிட்டோம். அக்காவைக் காணும்போதெல்லாம் எச்சம் கூட்டி முடியவில்லை என்று குறைசொல்வார். மரத்தை வெட்டச் சொல்லவா என்று ஒருமுறை கேட்டேன். "அது ஏன்?" என்று கோபித்துக்கொண்டார்.