இரும்பு இதயமும் இரும்புக் கூடும்

குழந்தைகளுக்கு நாம் சொல்லும் கதைகளில் வீரன் ஒருவனும் கொடியவன் ஒருவனும் இருந்தே தீருகின்றனர். வீரன் வெல்கிறான்; கொடியவன் வீழ்கிறான்; பிள்ளை நிம்மதியாக உறங்குகிறது. ஆனால், கொடியவன் ஏன் கொடியவனானான் என்று அப்பிள்ளை விழித்துக் கேட்குமாயின் நாம் என்ன விடை பகர்வோம்? பழைய மாயக்கதைகளிற் பல, அவன் பிறப்பே அத்தகையது என்று கூறி அமைகின்றன. இவ்விடை எத்துணை ஆபத்தானது என்பதை, பிறப்பினால் மனிதரைத் தரம் பிரிக்கும் சமுதாயத்தில் வாழும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வேறொரு விடையைத் தேடிய சிறுவர் நாவல் ஒன்றுண்டு. ருஷிய எழுத்தாளர் யூரி ஒலேஷா, ரயில்வேத் தொழிலாளர் பத்திரிகையான ‘குதோக்’கில் பணிபுரிந்த காலத்தில், 1924 இல் எழுதி 1928 இல் நூலாக வெளிவந்த ‘மூன்று கொழுத்த மனிதர்’ என்பதே அது. ஒரு நாட்டின் தானியம் முழுவதும் ஒருவனிடம், நிலக்கரி இன்னொருவனிடம், இரும்பு மூன்றாமவனிடம். இம்மூவருக்கும் ஒலேஷா பெயரே இடவில்லை. உடைமையே அவர்களது அடையாளம். இவர்களை எதிர்த்து நிற்பவனும் தனியொரு வீரனல்லன். ஆயுதஞ் செய்யும் கொல்லன் புரொஸ்பெரோ, கம்பியில் நடக்கும் கூத்தாடி திபூல், சர்க்கஸ் சிறுமி சுவோக், முதிய அறிஞர் காஸ்பர் எனப் பலர் கூடியே அங்கு வீரம் உருவாகிறது.

எனினும், நூலின் உயிர்நிலை தூத்தி என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடத்திலேயே உள்ளது. அவன் கொழுத்தவர்களின் வாரிசு. கொடுங்கோலனாக வளரவேண்டியவன் ஆதலால் பிற பிள்ளைகளின் முகமே காணாதபடி, கொடிய விலங்குகளைப் பார்த்து வளருமாறு வைக்கப்படுகிறான். தோழியென்று தரப்பட்டது ஒரு பொம்மை. அவனுடைய இதயத்தை அகற்றி இரும்பு இதயம் பொருத்துமாறு தூப் என்னும் விஞ்ஞானிக்குக் கட்டளை பிறக்கிறது. அவர் மறுக்கிறார். மறுத்த குற்றத்துக்காக எட்டாண்டுகள் விலங்குக் கூட்டில் அடைபட்டு மடிகிறார். இரும்பு இதயம் செய்ய இயலாமற் போகவே, உனக்கு இருப்பது இரும்பு இதயந்தான் என்று சிறுவனுக்குப் போதிக்கத் தொடங்குகின்றனர்.

இங்கேதான் ஒலேஷாவின் விடை கிடைக்கிறது. கொடுமை பிறப்பன்று, பாடம். எவனோ ஒருவன் கற்பிக்க, இன்னொருவன் நம்புகிறான். ஆசிரியத் தொழில் புரிவோர் இப்பகுதியைப் படித்துவிட்டு எளிதில் உறங்கிவிட முடியாது. நாம் வகுப்பறையிற் கற்பிப்பவற்றுள் எத்தனை இரும்பு இதயங்கள் உள்ளனவோ!

ஆயினும், இந்நூலில் நமக்கு உடன்பாடில்லாத இடங்களும் உள. சுரண்டலை உடற்பருமனாகத் தீட்டுவது கேலிச்சித்திர மரபு. அதனைப் படிக்கும் பிள்ளை, சுரண்டலை வெறுப்பதற்குப் பதிலாகப் பக்கத்து வாங்கில் இருக்கும் பருத்த சிறுவனை நகையாடக் கற்றுக்கொள்ளலாம். பிறப்பை விட்டு உடலைப் பிடித்துக்கொண்டால் பழைய பிழையே புது வேடத்தில் வருகிறது. வெறுக்கத்தக்கது தானியத்தைப் பூட்டிவைக்கும் பூட்டேயன்றி, பூட்டியவனின் வயிறன்று.

இதனினும் பாரதூரமானது நூலின் முடிவு. மக்கள் அரண்மனையைக் கைப்பற்றுகின்றனர். புரொஸ்பெரோ அடைபட்டிருந்த அதே கூட்டினுள் கொழுத்த மூவரும் தள்ளப்படுகின்றனர். நியாயந்தானே என்று பிள்ளை கைகொட்டும். நாமும் கைகொட்டினோம். ஆனால், கூடு அப்படியே இருக்கிறதே! ஆள் மாறியதேயன்றிக் கூடு உடைபடவில்லை. உடைபடாத கூடு வெறுமையாக இருக்க விரும்புவதில்லை.

இதனை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒலேஷாவைப் போலவே ஒடெஸ்ஸாவிலிருந்து வந்த எழுத்தாளர் பாபெலும், அவரது நாடகமொன்றை 1931 இல் மேடையேற்றிய மேயர்ஹோல்டும் 1939 இற் கைதாகி 1940 இற் சுடப்பட்டனர். இருவரும் புரட்சியின் பக்கம் நின்றவர்கள். குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு 1950களின் நடுப்பகுதியிலே வந்தது. கேட்பதற்கு அவர்கள் இல்லை. முற்போக்காளராகிய நாம் இதனைப் பேசாது விடுவோமாயின், எதிரி பேசுவான். அதுவும் சுரண்டலுக்கு வக்காலத்தாகப் பேசுவான்.

அப்படியாயின் கொழுத்த மூவரையும் மன்னித்து விட்டுவிடலாமா? அன்று. தானியமும் நிலக்கரியும் இரும்பும் அவர்களிடமிருந்து பறிக்கப்படவே வேண்டும். பட்டினி கிடந்தோர் முன் அவர்கள் பதில் சொல்லவே வேண்டும். நீதி வேறு, பழி வேறு என்பதே நாம் வற்புறுத்துவது. நீதி உடைமையை மாற்றுகிறது; பழி கூட்டுக்குள் இருப்பவனை மாத்திரம் மாற்றுகிறது.

ஆகவே, இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லி முடித்தபின், இக்கதையின் தலையாய வீரன் யார் என்று அவர்களைக் கேட்போம். கம்பியில் நடந்தவன் என்று சிலர் சொல்வர். கூட்டைத் திறந்த சிறுமி என்று சிலர் சொல்வர். ஒருவனேனும், இதயத்தைப் பறிக்க மறுத்த அந்தக் கிழவர் என்று சொல்வானாயின், நமது பாடம் வீண்போகவில்லை.