யமாமாவின் கோதுமை

ஹழ்ரத் துமாமா இப்னு உஸால் (ரலி) அவர்கள் பனூ ஹனீஃபா கோத்திரத்தின் தலைவர், யமாமாவாசி. பயிர் விளையாத பள்ளத்தாக்கான மக்காவுக்கு யமாமாவிலிருந்து கோதுமை போய்க்கொண்டிருந்தது. இஸ்லாத்தின்மீது கடும் பகை கொண்டிருந்த அவர், உம்ராவை நாடிச் செல்லும் வழியில் முஸ்லிம் குதிரைப் படையினரிடம் சிக்கினார். மதீனாவுக்குக் கொண்டுவந்து பள்ளிவாசலின் தூண் ஒன்றில் கட்டினார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மூன்று நாளும் அவரிடம் வந்து, என்ன நினைக்கிறீர் என்று கேட்டார்கள். கட்டுண்ட நிலையிலும் அவர் தலைவராகவே பேசினார். கொன்றால் இரத்தப்பழி உள்ள ஒருவனைக் கொல்வீர், உபகாரம் செய்தால் நன்றி மறவாதவனுக்குச் செய்வீர், பொருள் வேண்டுமானால் கேளும் என்றார். மூன்றாம் நாள் அவிழ்த்துவிடச் சொன்னார்கள். மீட்புப் பணமில்லை, நிபந்தனையில்லை. அருகிலிருந்த பேரீச்சந்தோப்பில் குளித்துவிட்டுத் தாமாகவே திரும்பி வந்து கலிமா சொன்னார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

அந்த மூன்று நாளில் அவருக்கு எவரும் பயான் செய்ததாக அதில் காணோம். தொழுகையையும் தொழுகிறவர்களையும் பார்த்துக் கொண்டிருந்தார், அவ்வளவுதான். பேசிப் பேசியே தொண்டை வறண்டுபோன நாம் இதைச் சற்று யோசிக்கலாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, சென்னைப் பள்ளிவாசல்கள் பல, வந்தவர் யாரென்று கேளாமல் கதவைத் திறந்துவிட்டன. பள்ளியின் உட்புறத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்!

உம்ராவுக்காக மக்கா சென்ற துமாமாவை, மதம் மாறிவிட்டீரா என்று குறைஷிகள் கேட்டார்கள். முஸ்லிமாகிவிட்டேன் என்றார், நபியவர்கள் அனுமதிக்கும்வரை யமாமாவிலிருந்து கோதுமையில் ஒரு மணிகூட உங்களுக்கு வராது என்று சத்தியமும் செய்தார். சொன்னபடியே நிறுத்தினார். மக்கா திண்டாடியது.

நியாயமாகப் பார்த்தால் குறைஷிகளுக்கு இது தகும் என்றே தோன்றும். பனூ ஹாஷிமை அபூதாலிப் கணவாயில் ஒதுக்கிவைத்து, இலை தழையைத் தின்ன வைத்தவர்கள் அவர்கள்தாமே? பசித்தழுத குழந்தைகளின் குரல் வெளியே கேட்டும் இரங்காதவர்கள்! அவர்களே இப்போது உறவைச் சொல்லிப் பெருமானாருக்குக் கடிதம் எழுதினார்கள். பெருமானார் அந்தப் பழைய கணக்கை எடுக்கவில்லை. தானியத்தை விடும்படி துமாமாவுக்கு எழுதினார்கள். அவரும் விட்டுவிட்டார். சரக்கும் அவருடையது, சத்தியமும் அவருடையது, ஆனாலும் மறுபேச்சில்லை.

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. அதே 2015 வெள்ளத்தில் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? மாடி வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் என்றால் தண்ணீர் மோட்டாரை அணைத்துவிடுபவர், பாகப்பிரிவினை வழக்கில் தம்பி வீட்டுக்கு வழிவிடாதவர் நம் ஜமாஅத்திலும் உண்டு. எதிராளி செய்தது அநியாயம் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். குறைஷிகள் செய்ததும் அநியாயந்தான்.

பின்னாளில் யமாமாவில் பொய்யன் முஸைலமா நபித்துவம் கொண்டாடியபோது, பனூ ஹனீஃபாவில் பெருங்கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. துமாமா (ரலி) சாயவில்லை. சொந்தக் கோத்திரத்தாரை எச்சரித்தார். கேளாதபோது, ஈமானில் நிலைத்த சிலரோடு அவர்களை விட்டுப் பிரிந்து சென்றார்.