வாசலைத் தாண்டும் மழைநீர்

"மழை பெய்வது சர்வேசுரனுடைய செயல். அதற்கு நான் எப்படி உத்தரவாதி?" என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்கு எவனும் உத்தரவாதி அல்லதான். ஆனால் நம் வாசலைத் தாண்டித் தெருவில் விழும் தண்ணீர் வேறு விஷயம். பழைய ரோமச் சட்டமே இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தது. மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக இறங்கிவரும் மழைநீரைக் கீழ்நிலத்துக்காரன் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மேட்டுக்காரன் கைவேலை ஏதேனும் செய்து அந்த ஓட்டத்தை மாற்றி, கீழே உள்ளவனுக்குக் கெடுதி வருவித்தால், அவன்மேல் வழக்குத் தொடரலாம்.

சென்னையில் இன்று அந்தக் கைவேலைக்குச் சிமெண்டுத் தளம் என்று பெயர். முற்றத்தில் மண் இருந்தால் சேறாகிறது, களை முளைக்கிறது, வண்டி நிறுத்த முடியவில்லை. ஆகவே சுவரிலிருந்து சுவர் வரைக்கும் மூடிவிடுகிறோம். இதில் என்ன பாவம்?

கணக்கைப் பார்ப்போம். அரை கிரவுண்டு முற்றம் என்றால் 1,200 சதுர அடி, சுமார் 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 5 சென்டிமீட்டர் மழைக்கு அந்த முற்றத்தில் 5,500 லிட்டருக்கு மேல் விழும். பொறியாளர்கள் ஒவ்வொரு தரைக்கும் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள்: சமதளமான மணல் பத்தில் ஒரு பங்கைத்தான் வெளியே விடும், சிமெண்டு பத்தில் ஒன்பது பங்கை விட்டுவிடும். அதாவது ஒரு மழைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் லிட்டர் போகவேண்டிய இடத்தில் ஐயாயிரம் லிட்டர் போகிறது, அதுவும் ஒரே மூச்சில். பரப்பு, மழையின் வேகம், இந்த விகிதம் மூன்றையும் பெருக்கினால் வடிகால் எவ்வளவு தாங்கவேண்டும் என்பது தெரியும். அயர்லாந்தில் தாமஸ் மல்வனி என்பவர் 1851-ல் இம்முறைக்கு அடிகோலினார். 1971-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, நகரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, நீரையும் அது சுமந்துபோகும் அழுக்கையும் குழாய் குழாயாகப் பின்தொடரும் கணினிக் கணக்கை உண்டாக்கிற்று. நம் முற்றமும் அத்தகைய கணக்கில் ஒரு சிறு பங்குதான்.

"அத்தனை சிறு பங்கால் ஊர் மூழ்கிவிடுமா?" மூழ்காது. ஆனால் இந்தச் சாக்கு குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பிடி அரிசி குறைத்து அளக்கும் கடைக்காரன், "ஒவ்வொன்றும் அற்பந்தானே" என்கிறான். சின்னச் சின்னத் திருட்டுகளால் சேர்ந்த தொகை எவ்வளவு பெரிதானாலும், அதைத் திருப்பிக் கொடுக்கச் சாவான பாவத்தின் கீழ்க் கடமையில்லை என்று சிலர் போதித்தார்கள். பாப்பரசர் 11-ம் இன்னசென்ட் 1679-ல் அந்தப் போதனையைக் கண்டனம் செய்தார். துளிகள் சேரும், சேர்ந்ததற்குக் கணக்கு உண்டு.

இங்கே ஒரு தடை எழும். கடைக்காரன் ஒருவன், நாமோ லட்சக்கணக்கான வீட்டுக்காரர்கள், ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. பேசிவைக்காத பலர் ஆளுக்குக் கொஞ்சம் கெடுத்தால், அவனவன் தன் பங்குக்கே பொறுப்பு என்று சாஸ்திரிகள் சொல்வதும் உண்மை. நல்லது, அந்தப் பங்கையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதே முற்றம், அதே விகிதம், தோராயமாக ஒன்றேகால் லட்சம் லிட்டர் கூடுதலாகத் தெருவுக்குப் போகிறது. நிலத்துக்குள் இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அது. 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரி. மே மாதத்தில் அந்த லாரிக்குத்தானே காத்து நிற்கிறோம்?

வெள்ளம் என்றதும் 2015 டிசம்பர் நினைவுக்கு வரும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அவ்வளவு மழையில் மண்ணும் ஊறிப்போய்ச் சிமெண்டைப்போல் ஆகிவிடுகிறது. அந்த நாளின் அழிவை முற்றத்துக்குச் சிமெண்டு போட்டவன் தலையில் சுமத்துவது அநியாயம். ஏரிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் மேடாக்கி விற்றவர்களும், அதற்கு அனுமதி தந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு பெரியது. நம் கணக்கு வருஷாவருஷம் வரும் சாதாரண மழைக்கு.

அளவைவிட அழுக்கு மோசம். பல நாள் காய்ச்சலுக்குப்பின் பெய்யும் முதல் மழை, தெருவிலுள்ள எண்ணெய், சாணம், டயர்த்தூள், குப்பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்க் கடலில் முடிகிறது. முகத்துவாரத்தில் வலை வீசுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு நாம் என்ன அனுப்பிவைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். அந்த வடிகாலிலே கக்கூஸ் குழாயை இரவோடிரவாக இணைப்பவன் சிறு பங்கு என்று பேசவே முடியாது. மாடித் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விடுகிறவனும் அப்படித்தான்: தெருக்கோடியில் தாழ்ந்திருக்கும் வீட்டுக்குள் சாக்கடை எதிர்த்து ஏறுகிறது. அங்கே பெரும்பாலும் குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 2010 முதல் வீடல்லாத சொத்துகளுக்கு, மூடிய தரையின் பரப்பையும் பார்த்து மழைநீர்க் கட்டணம் வசூலிக்கிறது. ஆலயங்களுக்குச் சலுகை உண்டு, விலக்கு இல்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கோவில் முற்றம் என்பதற்காகச் சிமெண்டு தண்ணீரைக் குடிக்கப் போவதில்லை.

திருடினவன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது ஏழாம் கற்பனையின் பாடம். இங்கே திருப்பிக் கொடுப்பது சுலபம். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. அதிகாரி பார்ப்பதற்காக வைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்றும் நிற்கின்றன. கீழே குழி தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசிக்கு முன் அதைத் திறந்து, வண்டலை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட ஒரு ஆள் ஒரு நாள் போதும். முற்றத்தில் வண்டிச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளை மட்டும் சிமெண்டாக விட்டு, நடுவிலும் ஓரத்திலும் உடைத்து மண்ணாக்கலாம். களை முளைக்கும், பிடுங்கத்தான் வேண்டும்.