கண்டதும் எழுதியதும்

பொய் சொல்லக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர்கள், பொய் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மனத்தில் ஒன்றை வைத்துக் கொண்டு வாயால் இன்னொன்றைச் சொன்னால் அது பொய். இதுதான் நாம் அறிந்த கணக்கு. இந்தக் கணக்குப்படி ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பொய்யன் உண்டு. அவனைப் பிடித்துத் தண்டித்து விட்டால் உண்மை மறுபடியும் தன் ஆசனத்தில் ஏறி அமர்ந்து விடும். கதைகளில் நாங்கள் அப்படித்தான் எழுதி வருகிறோம்.

ஆனால், பொய்யன் என்று விரல் நீட்ட ஒருவனும் இல்லாமலே ஒரு பொய் பிறக்க முடியுமா? இருபது பேர், ஒவ்வொருவரும் ஏறக்குறைய யோக்கியராகவே இருந்து, தத்தம் மேஜையில் தத்தம் வேலையைப் பார்த்து, முடிவில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெரும் பொய்யை உண்டாக்கி விட முடியுமா? முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அணுமின் நிலையங்களைச் சோதித்து ரிப்போர்ட் எழுதும் இன்ஸ்பெக்டர்களின் தொழிலைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்த எண்ணம் வலுத்துக் கொண்டே வருகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தை வைத்துக் கொண்டு அணு உலைக்குள் நுழைய எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் நான் நுழைய விரும்புவது உலைக்குள் அல்ல, ரிப்போர்ட்டுக்குள். அது வார்த்தைகளால் ஆன பொருள். வார்த்தை எப்படி ஒன்றைக் காட்டும், எப்படி ஒன்றை மறைக்கும் என்பது என் பிழைப்பு. இல்லாததை இருப்பது போல் எழுதிக் கூலி வாங்குகிறவன் நான். இருப்பதை இருக்கிறபடியே எழுதிக் கூலி வாங்குகிறவர் இன்ஸ்பெக்டர். என் எழுத்து பழுதானால் வாசகர் புத்தகத்தை மூடி வைத்து விடுவார். அவர் எழுத்து பழுதானால்?

அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில், ஈரி ஏரிக் கரையில், டேவிஸ்-பெஸ்ஸி என்று ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் உலை ஒரு பெரிய எஃகுக் கொப்பரை. அதற்குக் கவிழ்த்த சட்டி போல ஒரு மூடி. ஆறரை அங்குலக் கனமுள்ள எஃகு. மூடியைத் துளைத்துக் கொண்டு 69 குழாய்கள் உள்ளே இறங்குகின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர், வெளிக் காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு அழுத்தத்தில் கொதிக்காமல் அடங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீரில் போரிக் அமிலம் கரைந்திருக்கிறது. நம் பையன்கள் கேரம் பலகையில் தூவுகிறார்களே போரிக் பவுடர், அதே சரக்குதான். அணுப் பிளவின் வேகத்தை மட்டுப்படுத்துவதற்காக அதைக் கலக்கிறார்கள்.

குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்து தண்ணீர் கசிந்தால், ஈரம் ஆவியாகிப் போய் வெள்ளைப் பொடி மூடியின் மேல் தங்கும். அந்தப் பொடியைப் பார்த்துப் பார்த்துப் பழகிப் போனவர்கள் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். ஆனால் 2000 ஏப்ரலில், எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தியிருந்தபோது, மூடியின் ஓரத் துவாரங்களிலிருந்து வழிந்து இறுகியிருந்த பொடி வெள்ளையாக இல்லை. செங்காவியாக, துருவின் நிறத்தில் இருந்தது. பொடி சிவந்திருந்தால் அமிலம் இரும்பைத் தின்று கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் போட்டோ பிடித்தார்கள். அதைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். அரசாங்கத்தின் அணு ஒழுங்குமுறை ஆணையத்து இன்ஸ்பெக்டர்களின் பார்வைக்கு எட்டிய காகிதங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஆபத்து என்ற பெயருடன் அது மேலே போகவில்லை.

மூடியை வெந்நீர் பாய்ச்சிக் கழுவினார்கள். நேரம் போதவில்லை, பொடி முழுவதும் போகவில்லை. காகிதத்தில் மட்டும் வேலை குறைவின்றி முடிந்தது. உலை மறுபடியும் ஓடத் தொடங்கியது. கட்டடத்துக் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டிகள் துருப் பொடியால் அடைத்துக் கொண்டன. அடைத்த போதெல்லாம் மாற்றினார்கள். 2001-ன் கடைசியில் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியவன் தன் வேலையைச் செய்தான். மாற்றியதைப் பதிவு செய்தவன் தன் வேலையைச் செய்தான். ‘ஏன் அடைக்கிறது?’ என்ற கேள்விக்கு மட்டும் மேஜையும் இல்லை, ஆளும் இல்லை.

அதே 2001-ல், தெற்குக் கரோலினாவில் ஒக்கோனி என்ற நிலையத்தில், இதே மாதிரி மூடியில் குழாயைச் சுற்றி வளைத்த வெடிப்புகளைக் கண்டு பிடித்தார்கள். ஆணையம் விழித்துக் கொண்டது. இத்தகைய நிலையங்கள் டிசம்பர் 31-க்குள் மூடியைச் சோதிக்க வேண்டும் என்றது. டேவிஸ்-பெஸ்ஸி கம்பெனி தவணை கேட்டது. முந்தைய சோதனைகள் திருப்திகரம் என்று எழுதிக் கொடுத்தது. உலையை நிறுத்தும்படி ஆணையத்தார் ஓர் உத்தரவே தயாரித்து வைத்திருந்தார்கள். அது வெளியே வரவில்லை. இரு தரப்பும் பேசி 2002 பிப்ரவரி 16 என்று முடிவு செய்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு குழாயைப் பழுது பார்க்கும்போது, அசையக் கூடாத அந்தக் குழாய் அசைந்து சாய்ந்தது. பொடியை நீக்கிப் பார்த்தால், ஆறரை அங்குல எஃகு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அன்னாசிப் பழம் கொள்ளும் அளவுக்குப் பள்ளம்! உள்பக்கம் பூசியிருந்த, அரை அங்குலத்துக்கும் குறைவான துருவேறா எஃகுத் தகடு மட்டும் அத்தனை அழுத்தத்தையும் தாங்கிப் பிதுங்கிக் கொண்டு நின்றது. துரு தடுப்பதற்காகப் பூசிய தகடு அது. பாரம் தாங்குவதற்காக வைத்ததல்ல. அது கிழியவில்லை என்பதற்காக யாரும் தம் சாமர்த்தியத்தை மெச்சிக் கொள்ள முடியாது.

பின்னர் விசாரணைகள் நடந்தன. 2005-ல் ஆணையம் அந்தக் கம்பெனிக்கு விதித்த அபராதம் 54,50,000 டாலர். 2006-ல் குற்ற வழக்கைத் தவிர்க்கக் கம்பெனி ஒப்புக் கொண்டு கட்டிய தொகை 2 கோடியே 80 லட்சம் டாலர். 2007-லும் 2008-லும் இரண்டு என்ஜினீயர்களை ஜூரி குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. ஆகவே பொய்யே சொல்லப்படவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்த இருவரில் ஒருவர் அறிந்தே பொய் சொன்னார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று, ஆணையத்தின் சொந்த நீதி வாரியமே 2009-ல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதாவது, கற்றறிந்தவர்கள் ஏழு வருஷம் உட்கார்ந்து தேடியும், பொய் எங்கே குடியிருந்தது என்பதில் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. பள்ளம் இருந்தது, போட்டோ இருந்தது, துருப் பிடித்த வடிகட்டிகள் இருந்தன. பொய்யன்தான் கைக்குள் அகப்படாமல் நழுவிக் கொண்டே இருந்தான்.

ஏன் என்று யோசித்தால் எனக்குப் புலப்படுவது இதுதான். பார்த்தவன் வேறு, எழுதியவன் வேறு, எழுதியதைச் சுருக்கியவன் வேறு, சுருக்கத்தைப் படித்துக் கையெழுத்திட்டவன் வேறு. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு சொல் மிருதுவாகிறது. ‘சிவந்து வழிகிறது’ என்பது ‘படிவு காணப்பட்டது’ என்று ஆகிறது. ‘படிவு காணப்பட்டது’ என்பது ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று ஆகிறது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்பது ‘திருப்திகரம்’ என்று முடிகிறது. இந்த வாக்கியங்களில் எழுவாயைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. காணப்பட்டது, செய்யப்பட்டது, கருதப்படுகிறது. யார் கண்டார், யார் செய்தார், யார் கருதுகிறார்? ஆளில்லாத வாக்கியத்தில்தான் ஆளில்லாத பொய் வந்து குடியேறுகிறது.

இன்ஸ்பெக்டரின் தருமம் பொய் சொல்லாதிருப்பதோடு முடிவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். தான் கண்டதை, பிறகு யாரும் காணாதது போல் கடந்து போக முடியாதபடி எழுதி வைப்பதே அவர் தருமம். ‘நான் பார்த்தேன்; சிவப்பாக இருந்தது; ஏன் என்று கேட்டேன்; விடை கிடைக்கவில்லை.’ இந்த நாலு சிறு வாக்கியங்கள் 2000 ஏப்ரலில் சரியான மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளி விடுவது நியாயமல்ல. “ஒவ்வொரு துருவையும் உரக்கச் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள். உலை நின்றால் ஊருக்கு மின்சாரம் ஏது? குற்றமில்லாத நன்மை கிடைக்குமானால் பொய்யைக்கூட மெய்யின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே வழி விட்டிருக்கிறாரே?” என்று கேட்பவர் உண்டு. வள்ளுவர் வழி விட்டிருப்பது மெய்தான். ஆனால் அந்த நன்மை அப்பழுக்கற்றதாக இருக்க வேண்டும் என்று அவர் வாசலில் ஒரு காவற்காரனையும் நிறுத்தியிருக்கிறாரே! அது அப்பழுக்கற்றதுதான் என்று யார் தீர்மானிப்பது? மறைப்பதனால் லாபம் அடைகிறவனா? டேவிஸ்-பெஸ்ஸிக்குத் தவணை கொடுத்த முடிவில், கம்பெனியின் பண நஷ்டத்தைக் குறைக்கும் விருப்பத்துக்குப் பெரும் பங்கு இருந்தது என்று ஆணையத்தின் தணிக்கைத் தலைவரே 2002 டிசம்பரில் எழுதினார். பீதியைத் தவிர்க்கிறோம் என்று சொல்லும் வாய்க்குப் பின்னால் இருப்பது பல சமயம் பணப்பெட்டி. மேலும், பயப்படும் உரிமை அந்த ஏரிக் கரையில் குடியிருந்தவர்களுடையது. அவர்களைக் கேளாமல் அதை இன்னொருவர் அவர்கள் சார்பில் விட்டுக் கொடுக்க முடியாது.

வள்ளுவர் ஒற்றர்களைப் பற்றியும் ஓர் அதிகாரம் செய்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டு வந்த சேதியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்பது அதில் ஒரு கருத்து. ஆனால் சேதி கொண்டு வந்தவனையே எதிரியிடம் காட்டிக் கொடுக்கும் அரசனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியும் நடக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஜப்பானில் அது நடந்தது. 1989-ல் ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தின் முதல் உலையில், நீராவி உலர்த்தும் கருவியில் ஒருவர் வெடிப்பைக் கண்டார். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சார்பில் சோதனைக்குப் போனவர் அவர். சோதனைப் படத்தில் அந்தப் பகுதியை வெட்டி விடச் சொன்னார்கள் என்று பிற்பாடு பகிரங்கமாகவே கூறினார். 2000-ல் அவர் ஜப்பானிய அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகம் விசாரித்த விதம் என்ன தெரியுமா? புகார் சொன்னவர் யார் என்பதை மின்சாரக் கம்பெனிக்கே தெரிவித்ததுதான்! விஷயம் வெளியே வர இரண்டு வருஷம் ஆயிற்று. 2002 ஆகஸ்டில் 29 பதிவுகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. கம்பெனியின் சேர்மனும் பிரெசிடெண்டும் பதவி விலகினார்கள். 2003 ஏப்ரலில் அந்தக் கம்பெனியின் 17 உலைகளும் நின்றிருந்தன.

2011-ல் கடல் பொங்கி வந்து ஃபுகுஷிமாவில் நேர்ந்த கேட்டுக்கு அந்த வெடிப்புகள் காரணமல்ல. ஆனால், 2012-ல் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அதை மனிதன் விளைவித்த கேடு என்றும், சோதிக்க வேண்டியவர்களும் சோதிக்கப்பட வேண்டியவர்களும் கூடிக் குலாவியதன் பலன் என்றும் சொன்னபோது, காட்டிக் கொடுக்கப்பட்ட அந்தக் கடிதம் என் நினைவுக்கு வராமல் இல்லை. எழுதுகிறவனுக்கு நெஞ்சுரம் வேண்டும் என்றேன். படிக்கிறவனுக்கு நாணயம் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ரிப்போர்ட் வெறும் காகிதம்.

கூடிக் குலாவுவது என்றால் லஞ்சம் என்று எண்ணிவிடக் கூடாது. அது இன்னும் மெல்லிய சமாசாரம். அமெரிக்க நிலையங்களில் ஆணையத்தின் இன்ஸ்பெக்டர் அந்த ஊரிலேயே குடியிருந்து தினமும் நிலையத்துக்குப் போகிறார். குழந்தைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும், சந்தையில் சந்திப்பார்கள், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போவார். அவர் கல்லாக இருக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். கல்லுக்குக் கண் கிடையாது. ஆனால் சிநேகம் வளர வளர, சிநேகிதனுக்குச் சங்கடம் தரும் சொல் பேனாவில் இறங்க மறுக்கும். மனித சுபாவத்தை அறிந்துதான், ஒரே நிலையத்தில் ஒருவர் ஏழு வருஷத்துக்கு மேல் இருக்கலாகாது என்று விதி வைத்திருந்தார்கள். அந்த விதியை எழுதியவர் நல்ல நாவலாசிரியராகவும் ஆகியிருக்கலாம்!

இதெல்லாம் ஏழு கடலுக்கு அப்பால் நடக்கும் கதை என்று நாம் ஒதுக்கி விட முடியாது. கல்பாக்கத்தில் 1980-களிலிருந்தும் கூடங்குளத்தில் 2013-லிருந்தும் அணுவிலிருந்து மின்சாரம் வருகிறது. நம் ஊர் உலைகளைக் கண்காணிக்க 1983-ல் அமைந்த வாரியத்துக்கு, சட்டத்தின் பலத்தோடு தனித்து நிற்கும் அந்தஸ்து வேண்டும் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் வற்புறுத்தினார். அது வெறும் நிர்வாகப் பிரச்சனை என்று பலர் நினைத்தார்கள். எனக்கு அது ஒழுக்கப் பிரச்சனையாகப் படுகிறது. தனக்குச் சோறு போடுகிறவனைப் பற்றி உண்மை எழுதச் சொல்லி ஒருவனை உட்கார வைப்பது, அவனைத் தினமும் அக்கினிப் பரீட்சைக்கு அனுப்புவது போல. சிலர் தேறுவார்கள். சிலர் தேறுவார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு கடற்கரையையே ஒப்படைக்கலாமா?

உலை நல்லதா, கெட்டதா என்ற பெரிய வழக்குக்கு நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. உலை வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: இருவரும் அதன் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இருவருக்கும் இருப்பது அந்த இன்ஸ்பெக்டரின் கண் ஒன்றுதான். கண்ணை அவருக்கு நாம் கடன் கொடுத்திருக்கிறோம். கண்ட சிவப்பைச் சிவப்பு என்று எழுதி, கீழே தம் பெயரையும் போட்டு, அவர் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். எழுதியதற்காக அவர் பெயரை யாரும் விற்று விடாமல் பார்த்துக் கொள்வது நம் பங்குக் கடன்.