அடுத்த வளைவில் யார் நிற்பது?

போன செமஸ்டர் விடுமுறையில் என் சித்தி மகனை மலைச்சாலையில் தனியாக விட்டுவிட்டு நான் முன்னால் போய்விட்டேன். அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வீட்டிலும் யாரும் என்னைத் திட்டவில்லை, ஏனென்றால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. கூட வருகிறவனுக்காகக் காத்திருப்பது நல்ல மனசா, கடமையா? நல்ல மனசு என்றால், செய்தால் பாராட்டு, செய்யாவிட்டால் குற்றமில்லை. கடமை என்றால் கதை வேறு.

சுங்கை சோவில் சைக்கிள் வைத்திருக்கிற எல்லாருக்கும் கண்ணில் ஒரு மலை இருக்கும். அதிகாலையில் புறப்பட்டு செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று பழைய கூட்டரசு சாலையைப் பிடித்துப் போனால் கோலகுபு பாரு. அதுவரைக்கும் சாலை ஏறக்குறைய சமம்தான். அங்கே பசியாறிவிட்டு கிழக்கே திரும்பினால் தித்திவாங்சா மலைத்தொடர் ஆரம்பம். முதலில் சுங்கை சிலாங்கூர் அணைக்கட்டின் ஏரி வரும். நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றுத் தண்ணீர்தான். அதைத் தாண்டினால் பெர்த்தாக் ஓராங் அஸ்லி கிராமம், பிறகு காடு. வளைவு, இன்னொரு வளைவு, இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளத்தில் ஆற்றின் சத்தம். இப்படியே ஏறி பகாங் எல்லையில் 'தி கேப்' என்ற இடத்துக்குப் போய்ச் சேரலாம். அதற்கு மேல் எட்டுக் கிலோமீட்டர் குறுகலான சாலையில் ஏறினால் புக்கிட் பிரேசர். அந்தச் சாலை ரொம்பக் குறுகல் என்பதால், முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஏறுகிற வண்டிக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிற வண்டிக்கு என்று கேட் போட்டு விடுவார்களாம். நேரம் தவறி வந்தவர்கள் கேப்பிலேயே நிற்க வேண்டியதுதான். காத்திருப்பதற்கென்றே ஆன இடம் அது. அங்கே போய்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

தம்பிக்குப் பதினேழு வயசு. அவனிடம் இருப்பது பழைய மவுண்டன் பைக், தடித்த டயர், பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அவன் வருகிறேன் என்று கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன். "அவ்வளவு தூரம் என்னால முடியாதுண்ணே" என்றவனிடம், "நான் கூட இருக்கேன்ல, வாடா" என்று சொன்னேன். அவன் அம்மாவிடமும் அதையே சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

கோலகுபு பாரு வரை வாக்கைக் காப்பாற்றினேன். அணைக்கட்டு வந்ததும் கூட வந்த இரண்டு கல்லூரி நண்பர்கள் வேகம் எடுத்தார்கள். என் ஹேண்டில்பாரில் ஸ்ட்ராவா ஓடிக்கொண்டிருந்தது. அதில் என்னுடைய பழைய நேரத்தை உடைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக ஆசை. தம்பியைத் திரும்பிப் பார்த்து, "மெதுவா வா, மேல நிக்கிறோம்" என்று கத்திவிட்டு மிதித்தேன்.

நேரத்தை உடைத்தேன். கேப்பில் பழைய ஓய்வு விடுதி பக்கம் நின்று படம் எடுத்தோம். நாற்பது நிமிஷம் ஆகியும் அவன் வரவில்லை. போனில் கோடு இல்லை. மழை பிடித்துக்கொண்டது. நான் கீழே இறங்கினேன். ஈரச் சாலையில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் என்ன பார்க்கப் போகிறேனோ என்று இறங்கியதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஏழு கிலோமீட்டர் கீழே, அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்து வந்துகொண்டிருந்தான். செயின் அறுந்துவிட்டது. விழுந்ததில் முழங்கை தோல் உரிந்திருந்தது. ஒரு மலாய்க்கார அங்கிள் ஹைலக்ஸை நிறுத்தி, கோலகுபு பாருவில் இறக்கிவிடுகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார். தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

"ஏன்டா போகல?"

"நீங்க அடுத்த வளைவுல நிப்பீங்கன்னு நெனச்சேண்ணே."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு வளைவிலும் அப்படி நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறான்.

நண்பர்களில் ஒருவன் பிறகு எனக்கு ஆறுதல் சொன்னான். "ஃபீல் பண்ணாத மச்சான். அவனவன் கால், அவனவன் கர்மா. வெயிட் பண்ணிக்கிட்டே இருந்தா அவன் எப்போ ஸ்ட்ராங் ஆவான்?" இது நம்மிடையே அடிக்கடி கேட்கிற பேச்சு. அடுத்தவன் கஷ்டத்துக்கு நாம் இடுகிற பெயராகக் கர்மா ஆகிவிட்டது. என் செயலின் பலன் என்னைச் சேரும் என்பதுதானே அந்தச் சொல்லின் நேர்ப் பொருள்? அப்படியானால் அந்தச் சாலையில் கணக்குப் பார்க்க வேண்டியது என் கர்மாவை, தம்பியுடையதை அல்ல.

அந்த வாரம் கோயில் சமய வகுப்பில் கேட்ட மகாபாரதக் கடைசிப் பகுதி ஞாபகம் வந்தது. பாண்டவர்கள் ராஜ்யத்தை விட்டு இமயமலை ஏறுகிறார்கள். திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். சின்ன வயசில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. தம்பிகளை விட்டவர், கடைசியில் இந்திரன் ரதம் கொண்டு வந்து கூப்பிடும்போது, கூட வந்த நாயை விட்டு வரமாட்டேன் என்கிறார்! தம்பிகளை விட்டாயே, நாயை விடக் கூடாதா என்று இந்திரனே மடக்குகிறான். தருமர் சொல்வது இதுதான்: அவர்கள் இறந்துவிட்டார்கள், என்னால் எழுப்ப முடியாது, உயிரோடு இருந்தவரை நான் அவர்களைக் கைவிடவில்லை. இந்த நாய் உயிரோடு இருக்கிறது, என்னை நம்பி வந்திருக்கிறது.

இரண்டு பேர் பின்தங்குவது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஆனால் தருமர் பார்ப்பது, நான் இப்போது ஏதாவது செய்ய முடியுமா, இந்த உயிர் என்னை நம்பி வந்ததா என்ற இரண்டை. என் தம்பி விஷயத்தில் இரண்டுக்கும் பதில் ஆமாம். தருமர் நாய்க்குக் கொடுத்ததை நான் தம்பிக்குக் கொடுக்கவில்லை.

"வெயிட் பண்ணினா ஸ்ட்ராங் ஆக மாட்டான்" என்ற வாதத்துக்கு மெக்கானிக்கல் படிக்கிறவனாக எனக்கு ஒரு பதில் இருக்கிறது. சமதரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் நல்ல மிச்சம். ராசா வரை தம்பி என் பின்னால் அப்படித்தான் வந்தான். மலையில் வேகம் பத்துக்கு இறங்கிவிடும். காற்று ஒரு பொருட்டே இல்லை, எல்லாம் ஈர்ப்பு விசைதான். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்றால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 78 கிலோ ஜூல் அவனே கொடுத்தாக வேண்டும். நான் பக்கத்தில் போனாலும் அதில் ஒரு ஜூல்கூடக் குறையாது. ஆகவே மலையில் கூடவே போவதால் யாரும் சோம்பேறி ஆகிவிட முடியாது. அங்கே துணை என்பது துணை மட்டும்தான்.

போட்டி என்றால் வேறு நியாயமா? 2010 டூர் டி பிரான்ஸில், மலை ஏற்றத்தில் மஞ்சள் சட்டை போட்டிருந்த ஆண்டி ஷிலெக்கின் செயின் கழன்றது. கான்டடோர் நிற்காமல் பாய்ந்தார். அன்றைக்குப் பிடித்தது 39 வினாடி. கடைசியில் பாரிஸில் ஜெயித்ததும் அதே 39 வினாடியில். (ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் அந்தப் பட்டம் பறிபோனது தனிக்கதை.) 2022-ல் இறக்கத்தில் பொகாச்சார் விழுந்தபோது மஞ்சள் சட்டையில் இருந்த விங்கெகோர் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். எழுந்து வந்தவர் கை கொடுத்தார். கான்டடோர் விதியை மீறவில்லை. அவரைக் குறை சொல்வேனா என்று கேட்டால், கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். அங்கே யாரும் யாரிடமும் "நான் கூட இருக்கேன்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வரவில்லை. நான் சொன்னேன்.

நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. தைப்பூசத்தில் மாமா காவடி எடுத்தபோது நாங்கள் ஆறு பேர் கூடப் போனோம். ஒருவன் கையில் தண்ணீர், ஒருவன் கையில் அவர் உட்கார முக்காலி. பத்துமலையின் 272 படியையும் அவர் வேகத்தில்தான் ஏறினோம். பாரம் அவர் தோளில்தான், நாங்கள் யாரும் தொட்டுத் தூக்கவில்லை. முன்னால் ஓடிப்போய் மேலே நின்று நேரம் பார்க்க எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. பாட்டியும் சொல்வார், தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது, லயத்தில் கடைசி வீட்டுக்காரி பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வரும்வரை மற்றப் பெண்கள் வாசலில் நிற்பார்களாம். "நின்னா கிராணி ஏசுவான்தான். அதுக்காக அவள விட்டுட்டா போறது?" என்று கேட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். செயின் அறுந்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையே கிடையாது. தம்பி இருபது நிமிஷம் தாமதமாக வந்திருப்பான், சிரித்திருப்போம், நான் என் நேரத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருப்பேன். அப்படியானால் தப்பு நடந்தது செயினாலா? இல்லை. அது அறுந்த வளைவில் நான் இல்லவே இல்லை. தப்பு அதற்கு முன்பே, அணைக்கட்டுப் பக்கம், நான் கியரை மாற்றிய இடத்தில் நடந்துவிட்டது. மழையும் செயினும் அதை எனக்குக் காட்டிக் கொடுத்தன, அவ்வளவுதான். எத்தனை தடவை இப்படிக் காட்டிக் கொடுக்காமல் தப்பித்திருக்கிறேன் என்று யோசித்தால் தூக்கம் போகிறது. படிப்பில், வேலையில், குடும்பத்தில் முதலில் மேலே போய்விட்ட நம்மில் பலர், கீழே எத்தனை பேரிடம் "மேல நிக்கிறேன்" என்று கத்திவிட்டு வந்திருக்கிறோமோ.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான். புதுச் செயின் வாங்கிக் கொடுத்தேன், அவனே மாட்டிக்கொண்டான். ஸ்ட்ராவாவில் அந்த நேரம் இன்னும் இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. எஸ்.பி.எம். முடிந்ததும் மறுபடி போகலாம் என்று பேசியிருக்கிறோம். இந்தத் தடவை அவன் முன்னால் போவானாம், நான் பின்னால் வர வேண்டுமாம். அவன் வேகத்தில் மிதித்தால் என் சைக்கிள் ஆட்டம் கொடுக்கும், பேலன்ஸ் பிடிப்பது கஷ்டம். இப்போதிருந்தே சாயங்காலங்களில் தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாக ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.