மருந்தின் நான்காங் கூறு

மருந்தென்பது யாது? குளிகையும் ஊசியும் குடிநீருமே மருந்தென்று உலகினர் கொள்வர். திருவள்ளுவனாரோ மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே அதனை நான்கு கூறாக வகுத்து, நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பணிசெய்வானையும் ஒரு கூறாக வைத்து எண்ணினார். இவ்வைப்பு உற்று நோக்கற்பாலது. பணிசெய்வான் மருத்துவத்துக்குப் புறத்தே நின்று இரக்கத்தால் உதவுபவன் அல்லன்; அவன் மருந்துக்கே உறுப்பானவன். அங்ஙனமாயின், நோயாளர்க்குச் செய்யும் பணிவிடை விரும்பினாற் செய்தற்குரிய தருமமோ, செய்தே தீரவேண்டிய கடனோ? இவ்வினாவைப் புற்றுநோய் ஒன்றனைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

புற்றுநோயை எடுத்துக்கொண்டது என்னையெனின், இந்நோயிலே மருந்தும் நோயாளனை வருத்துகின்றது. 1942 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே புற்றுநோயாளர் ஒருவருக்கு முதன்முதல் ஏற்றப்பட்ட இரசாயன மருந்து, போருக்கென ஆராயப்பட்ட கடுகு நஞ்சின் இனத்தது. இவ்வகை மருந்துகள் பலவும் விரைந்து பெருகுங் கலங்களை அழிப்பன. புற்றுக்கலம் விரைந்து பெருகுவது. ஆயின் மயிர்க்கால், வாயின் உட்டோல், குடலின் உட்டோல், என்புமச்சை என்பவற்றின் கலங்களும் விரைந்து பெருகுவனவே. ஆதலால் மயிர் உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, வாந்தியும் பேதியும் உண்டாகின்றன, குருதியின் வெண்குழியங்கள் குறைகின்றன. ஊசி ஏற்றப்படுவது வைத்தியசாலையில். அதன் வருத்தத்திற் பெரும்பகுதி நிகழ்வது வீட்டில். அவ்வேளையில் மருத்துவர் அருகில் இல்லை, பணிசெய்வோரே உளர்.

இவ்வீடு எத்தகையது என்பதையும் நோக்குவாம். கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையிலே, அற்றனுக்கு இப்பால் உள்ளது வட்டவளை. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெய்யும் தேயிலை மலை அது. மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கும் மக்கள் குளிரையும் பசியையும் மறத்தற்பொருட்டு வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயிலடக்கும் வழக்கமுடையர். புகையிலை மட்டுமன்றிப் பாக்குத்தானும் புற்றை விளைப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்டது. இலங்கை ஆடவரிடத்து மிகுதியாய்க் காணப்படும் புற்றுக்களுள் வாய்ப்புற்று முதன்மையானது. பெண்டிரையும் அது விடுவதில்லை. நோயுற்றோர் மகரகமைக்கோ கண்டிக்கோ சென்று, அரசினர் இலவசமாக அளிக்குஞ் சிகிச்சையைப் பெறுகின்றனர். கதிர்வீச்சாயின் கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு கிழமைவரை நீளும். அதன்பின் அவர்கள் திரும்பிவருவது லயத்துக் காம்பிராவுக்கே. அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகமும் ஓரிடத்தே கிடக்கும் அவ்வறையே அவர்க்கு வைத்தியசாலையாகின்றது.

இனி, பணிவிடை கடனன்று என்பார் கூறுந் தடைகளை ஆராய்வாம்.

நோய் முன்வினைப் பயன். அதனை அவரவர் அனுபவித்தே தீர்தல்வேண்டும். இடைப்புகுதல் எற்றுக்கு என்பர் ஒருசாரார். இது நம் சமயத்தின் பெயராற் கூறப்படுதலின் நாமே விடை கூறற்பாலேம். மருணீக்கியார்க்குச் சூலைநோய் வந்த காரணத்தை இறைவனே கனவிற்றோன்றித் திலகவதியார்க்கு உணர்த்தினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. காரணத்தை ஐயமற அறிந்தவர் அவ்வம்மையார். அறிந்திருந்தும், தம்பியார் நள்ளிரவில் நோயோடு வந்து அடிவீழ்ந்தபோது, நீ விட்டுச்சென்ற நெறிக்கு இது பயன் என்று அவர் இடித்துரைத்திலர். எழுப்பினார், திருநீறளித்தார், உடனழைத்துக்கொண்டு திருக்கோயில் புகுந்தார். காரணம் அறிந்த அவரே அங்ஙனஞ் செய்தாராயின், அயல்வீட்டான் நோயின் காரணத்தைச் சிறிதும் அறியாத நாம் அதனைப்பற்றித் தீர்ப்புக் கூற யார்? வினையென்னுங் கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குக் கிடைத்த ஊன்றுகோல். பிறன் துன்பத்தைப் பாராமலிருத்தற்குக் கிடைத்த திரை அன்று. அன்றியும், நோய் அவன் வினையாயின், அதனைக் கண்டும் வாளாவிருத்தல் நம் வினையாகுமன்றோ?

அன்பிருந்தாற் போதும், பணிவிடைக்குக் கல்வி வேண்டுவதின்று என்பர் மற்றொருசாரார். இதுவும் பொருந்தாது. ஊசி ஏற்றியபின் ஏறக்குறைய 7 முதல் 14 நாளளவில் வெண்குழியங்கள் மிகக் குறைந்து நிற்கும். அந்நாட்களில் உடற்சூடு 38 பாகை செல்சியசு, அஃதாவது 100.4 பாகை பரனைற்று ஆயினும், குளிர்நடுக்கங் காணினும், அது சில மணி நேரத்தில் உயிரைக் கவரவல்ல கிருமித்தொற்றின் அறிகுறியாயிருத்தல் கூடும். மழை ஓயாத வட்டவளையிலோ காய்ச்சலும் நடுக்கமும் அன்றாடப் பேச்சு. நனைந்ததனால் வந்தது என்று எண்ணி, அன்புள்ள மகள் கொத்தமல்லிக் குடிநீரும் பனடோலும் கொடுத்து, கம்பளி போர்த்துப் படுக்கவைப்பாள். விடியட்டும் என்று காத்திருப்பாள். அவள் அன்பிற் குறையில்லை. அறிய வேண்டியதை அவட்குச் சொல்வாரே இலர். சொல்லியிருந்தால் அன்றிரவே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நாவலப்பிட்டிக்கோ கொண்டுசென்றிருப்பாள்.

பிறவும் இத்தன்மையவே. வாய் வெந்திருப்பார்க்கு உறைப்பும் புளியும் நீக்கி, ஆறிய கஞ்சியைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் வேண்டும். கொதித்தாறிய நீரிற் சிறிது உப்பிட்டு நாளிற் பலகால் கொப்பளிப்பித்தல் வேண்டும். வெற்றிலையை முற்றாக விலக்குவித்தல் வேண்டும். கதிர்பட்ட தோலிலே மஞ்சளோ சந்தனமோ தைலமோ மருத்துவரைக் கேளாமற் பூசலாகாது. தளர்ந்த பருத்தியாடையே உடுத்தல் வேண்டும். மருந்து ஏற்றியபின் இரண்டு நாள்வரை வாந்தியும் மலசலமும் துப்புரவு செய்வோர் கையுறை அணிதல் வேண்டும். இது மருந்தின் நச்சுத்தன்மைபற்றியதேயன்றி நோய் தொற்றும் என்பதுபற்றி அன்று. தொடுதலாலும் உடனுண்ணலாலும் புற்றுநோய் பரவாது. இஃதறியாமையாலே தட்டுங் கோப்பையும் வேறாக்கிப் பேரப்பிள்ளைகளை அருகணுகவிடாது தடுக்கின்றோம். மருந்தால் வரும் வருத்தம் சில கிழமைகளில் தணியும். ஒதுக்கப்பட்ட வருத்தம் தணிவதன்று.

பணிவிடை பெண்மக்கள் தொழில்; வீட்டிலுள்ள ஒருத்தி பார்த்துக்கொள்வாள் என்பது மூன்றாவது தடை. இதனை எவரும் வாய்விட்டுக் கூறுவதில்லை. ஆயினும் எல்லாருஞ் செய்கையாற் கூறுகின்றனர். தோட்டத்தில் ஒருநாட் பெயர் விழாதொழியின் அந்நாட் கூலி இல்லை. ஆதலால் தாய் நோயுற, தந்தை வேலைக்குச் செல்ல, பதினான்கு வயதுப் பெண் வீட்டில் நிறுத்தப்படுகின்றாள். வரவுப்பதிவேட்டில் அவள் பெயருக்கெதிரே இடப்படும் குறியை ஆசிரியராகிய நாம் நாடோறும் காண்கின்றேம். ஒரு குடும்பத்தின் நோய்க்கு விலையாக ஒரு பிள்ளையின் கல்வி கொடுக்கப்படுகின்றது என்பதைக் காண்கின்றோமில்லை. பணிவிடை மருந்தின் கூறாயின், அதனை ஒரு சிறுமியின் தோளில் ஏற்றிவைத்துப் பிறரெல்லாம் விலகிநிற்றல் எவ்வாறு அறமாகும்?

இது தீர்க்கலாகாத இடர்ப்பாடுமன்று. கேரளத்துக் கோழிக்கோட்டிலே 1993 இல் மருத்துவர் சிலர் நோவு தணிக்குஞ் சங்கமொன்றைத் தொடங்கினர். அதனின்று கிளைத்த இயக்கத்திலே அயலவர்கள் பயிற்சி பெற்று, கிழமைக்குச் சில மணி நேரத்தை ஒதுக்கி, முறைவைத்து நோயாளர் வீடு சென்று, தாதியர்க்கும் மருத்துவர்க்கும் துணைநின்றனர். 2008 இல் அம்மாநில அரசும் இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. அவர்களுட் பலர் செல்வரல்லர், நம்மைப் போன்றோரே.

இனி, நோய் தீராது என்று மருத்துவர் கைவிரித்தவிடத்துப் பணிவிடையாற் பயனென்னை என்பார்க்கு, அவ்விடத்திலேதான் நான்காங் கூறு முதற்கூறாகின்றது என்க. தாதியாயிருந்து பின்னர் மருத்துவம் பயின்ற சிசிலி சாண்டர்சு என்னும் ஆங்கில அம்மையார், மரணத்தை அணுகுவோர்க்கென 1967 இல் இலண்டனில் ஓர் இல்லம் நிறுவினார். உடல்நோவு, மனநோவு, குடும்பக் கவலை, உயிர்பற்றிய ஏக்கம் என்னும் நான்கும் ஒருங்கே பொருந்தியதே நோயாளன் படும் நோவு என்று அவர் கண்டார். நோவுக்கு மருந்தை நோவு முற்றியபின் கொடாது குறித்த நேரந்தோறும் கொடுத்தல் வேண்டும் என்பது 1986 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முறையிலும் உள்ளது. மோர்பின் என்றவுடன் அஞ்சி, பழக்கமாகிவிடும் என்று மறுப்பார் பலர்; மருத்துவர் அளவறிந்து கொடுப்பதை இரவிலும் விழித்திருந்து நேரந்தவறாமற் கொடுத்தலே பணிசெய்வானுக்கு அறம். நோவைத் தாங்குதல் நோயாளனுக்குத் தவமாகலாம். தணிக்கக் கூடிய நோவைத் தணியாதிருத்தல் பிறர்க்குத் தவமாகாது.

ஆதலின் ஆசிரியர்காள், நம்மாற் செய்யத்தக்கன சில உள. வகுப்பிலே மருந்து என்னும் அதிகாரத்தை நடத்தும்போது, இறுதிக் குறளை மனனஞ் செய்வித்தலோடு அமையாது, அதன் நான்காங் கூற்றை மேற்கூறிய செய்திகளோடு விளக்குக. தொடர்ந்து வாராத மாணாக்கரின் வீட்டுக்குச் சென்று காரணம் அறிக. நோயாளருள்ள வீட்டிலே, காய்ச்சல் கண்டாற் செய்யவேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுக. வாசிக்க இயலாதார்க்கு வாசித்துக் காட்டுக. கோயிலிலே வெள்ளிதோறுங் கூடும் அடியவருள் ஆண்களும் பெண்களுமாக நால்வரைத் திரட்டி, ஆளுக்கொரு நாள் அவ்வீட்டில் அமர ஏற்பாடு செய்க. அந்நாளில் அச்சிறுமி பள்ளிக்கு வரட்டும். திருவருள் முன்னிற்பதாக.