சிரிப்புக்குப் பயப்படும் ஆங்கிலம்

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இன்றைக்கு வகுப்பு களைகட்டுமா, படுத்துவிடுமா என்று முன்கூட்டியே சொல்ல ஒரு ஜோசியர் இருந்தால் நாங்கள் எல்லோரும் அவரிடம் வரிசையில் நிற்போம். ராத்திரி கண்விழித்து சார்ட் எழுதி, படம் ஒட்டி எடுத்துப்போன பாடம் கொட்டாவியில் முடியும். வேறொருவர் விடுப்பு எடுத்ததால் கடைசி நேரத்தில் தலையில் விழுந்த பீரியடோ, மணி அடித்த பிறகும் முடியாது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடம், பறக்கப் பயந்த ஒரு கடற்புறாக் குஞ்சின் கதை. எழுதியவர் லியாம் ஓ ஃபிளாஹெர்ட்டி. 1896இல் அயர்லாந்தின் அரான் தீவுகளில் பிறந்தவர். ஐரிஷ் மொழி புழங்கிய மண்ணிலிருந்து வந்து ஆங்கிலத்தில் பேர் வாங்கியவர் என்பதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லிவிடுவேன்; அவர்களுக்கு அது கொஞ்சம் தெம்பு. கூடப் பிறந்தவை எல்லாம் பறந்துவிட, இந்தக் குஞ்சு மட்டும் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. பெற்றோர் திட்டுகிறார்கள், பட்டினி போடுகிறார்கள். கடைசியில் தாய்ப்பறவை மீன் துண்டைக் கவ்விக்கொண்டு பக்கத்தில் வந்து, கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கிறது. பசி தாங்காமல் குஞ்சு பாய்கிறது, விழுகிறது, சிறகு தானாக விரிகிறது.

“அந்த அம்மா செய்தது சரியா?” என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. “எங்க அம்மாவா இருந்தா ஊட்டியே விட்டிருக்கும் மிஸ்” என்றான் ஒருவன். “அதான்டா நீ இன்னும் சைக்கிள் ஓட்டக் கத்துக்கல” என்றது பின்பெஞ்சு. எல்லாம் தமிழில்தான். “இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றேன். கரண்ட் போன வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கும் மொழி. சொல்ல விஷயமும் இருக்கிறது. பிறகு ஏன் வாய் அடைத்துப்போகிறது? இலக்கணம் தெரியாததுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானே என்கிற பயம்தான் பெரிது. ஒரு பெண் எழுந்து நின்று ‘ஐலண்ட்’ என்பதை ‘ஐஸ்லாண்ட்’ என்று படித்தால் வகுப்பே குலுங்கும். அப்புறம் அவள் பல நாள் வாய் திறக்க மாட்டாள். சிரித்தவனையே எழுப்பி “நீ படி பார்க்கலாம்” என்று சொல்லும் வழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு. அது பழிவாங்கல், பாடம் ஆகாது. வாய் அடைத்தவர்கள் இருவர் ஆவார்கள், அவ்வளவுதான்.

பொதுத்தேர்வும் இந்தப் பயத்தைப் போக்க உதவாது. முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள், இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள், 35 எடுத்தால் தேர்ச்சி. எல்லாமே எழுத்துதான், பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. அரையாண்டு நெருங்கினால், தேர்ச்சிக்குப் போதுமானதை மட்டும் தொகுத்த ‘மினிமம் மெட்டீரியல்’, ஸ்லிப் டெஸ்ட், மாலைச் சிறப்பு வகுப்பு. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்கு அந்த 35தான் பிளஸ் ஒன் வாசல்.

ஆனால் அதே வினாத்தாளில் ஒரு சின்னக் கேள்வி உண்டு. வரைபடத்தைப் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கும் யாரோ ஊர் வேண்டாம் என்று எங்கள் ஊரையே கரும்பலகையில் வரைந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரேஷன் கடைக்கு வழி. காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வரும் பையன், வகுப்பில் பேசவே பேசாதவன், எழுந்தான். “மிஸ், நீங்க போட்டிருக்கிற தெரு முட்டுச்சந்து. அந்தப் பக்கம் போக முடியாது.” சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன். வரைந்துகொண்டே சொன்னான்: “கோ ஸ்ட்ரெயிட். லெஃப்ட் டர்ன். வாட்டர் டேங்க் ரைட் சைடு. நோ கோ டேங்க். ரேஷன் கடை கம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மனதுக்குள் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். “கோயில் வழியா போனா இன்னும் கிட்ட” என்று ஒருத்தி அதைவிடத் தப்பான ஆங்கிலத்தில் மறுத்தாள். ‘நோ கோ’வை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பிறகு பலகையில் எழுதிக் காட்டினேன், சொன்ன வழியைப் புரிந்துகொண்டபின் திருத்தியதால் யாருக்கும் வலிக்கவில்லை. இந்த உற்சாகத்தில் அதே வரைபடத்தை அடுத்த பீரியடு பக்கத்து வகுப்பில் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், “எங்கே, அங்கிள்கிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசு” என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள். அதற்குப் பதில் மாத்திரை அட்டையைக் கொடுத்து, எந்தத் தேதி வரைக்கும் சாப்பிடலாம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். புது மிக்சிக்கு வந்த விளக்கத்தாளைக் கொடுத்து, எந்தப் பிளேடு எதற்கு என்று கேளுங்கள். தப்பாகப் படித்தால் சிரிக்காதீர்கள். மற்றதை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.